வராத ரயில் லேட் ஆகாது!

மதுரை - போடிநாயக்கனூர் ரயில் பற்றி ஒரு சாதனைச் செய்தி. 2011 ஜனவரி தொடங்கி 2023 ஜூன் பாதி வரை, அந்த ரயில் போடிக்கு ஒருநாள்கூட லேட்டாக வந்ததில்லை. ஒரு நிமிஷம்கூட லேட் கிடையாது. ஜப்பான்காரன் கேட்டால் பொறாமையில் வெந்துபோவான்.

காரணம் ரொம்ப சிம்பிள். அந்தப் பன்னிரண்டு வருஷமும் ரயில் வரவேயில்லை!

சிரிக்காதீர்கள். பல ரயில்வேக்காரர்கள் கணக்கு எழுதும் முறையே கிட்டத்தட்ட இதுதான். ஓடுகிற ரயில் எத்தனை நிமிஷம் தாமதம் என்றுதான் கணக்கு. ஓடாத ரயிலுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. நான் படித்தது பி.காம். எந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுகிறார்கள் என்று பார்ப்பதைவிட, எந்தச் செலவை எழுதாமலே விடுகிறார்கள் என்று தேடுவதுதான் எனக்கு வழக்கம். ரயில்வே பேரேட்டில் அப்படி எழுதாமல் விட்ட செலவு ஒன்று உண்டு. அது உங்கள் நேரம்.

முதலில் ஊரைப் பார்த்துவிடலாம். தேனி மாவட்டத்தில், மலை முடிகிற இடத்தில் இருக்கிறது போடி. மேற்கே நிமிர்ந்தால் சுவர் மாதிரி மலை. 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதைத் தாண்டினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம், ஏலமலைத் தோட்டங்கள். மேலே விளைகிற ஏலக்காய்க்குக் கீழே போடிதான் சந்தை. ஏலத்துக்கே ஏலம் போடுகிற ஊர்!

இந்த ஊருக்கு ரயில் வந்த கதை பழையது. வெள்ளைக்காரன் காலத்தில் மூணாறு தேயிலையை ஒரு குட்டி ரயிலில் மலை விளிம்பு வரை கொண்டுவந்து, அங்கிருந்து ரோப்வேயில் கோட்டகுடிக்கு இறக்கி, போடி வழியாக வெளியே அனுப்பினார்கள். அந்த மலை விளிம்புக்குத்தான் டாப் ஸ்டேஷன் என்று பெயர். இன்றைக்கு அங்கே போகிற டூரிஸ்ட்டுகள் ஸ்டேஷனைத் தேடினால் பெயர் மட்டும்தான் கிடைக்கும். 1924 பெருவெள்ளம் அந்தக் குட்டி ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. கீழே போடிக்கு மீட்டர்கேஜ் ரயில் வந்தது 1928-ல். உலகப் போர் சமயத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு மறுபடி போட்டார்கள்.

அப்புறம் 2010-ம் வருஷம் முடிந்த கையோடு, அகலப் பாதையாக மாற்றுகிறோம் என்று ரயிலை நிறுத்தினார்கள். நல்ல காரியம்தான், யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் மதுரையில் இருந்து தேனி வரைக்கும் ரயில் வர 2022 மே ஆனது. மிச்சம் இருந்த 15 கிலோமீட்டரைத் தாண்டிப் போடிக்கு வர 2023 ஜூன் 15 ஆனது. ரயில் நின்ற மாதத்தில் போடியில் பிறந்த குழந்தை, ரயில் திரும்பி வந்தபோது எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டது.

கொஞ்சம் வகுத்துப் பார்ப்போமா? மொத்தப் பாதை 90 கிலோமீட்டர். பன்னிரண்டு வருஷம், ஐந்தரை மாதம். ஒரு நாளைக்குச் சராசரியாக 20 மீட்டர் வருகிறது. ஒரு ரயில் பெட்டியின் நீளம்கூட இல்லை!

இதே நாட்டில், இதே ரயில்வேயைச் சேர்ந்த இன்ஜினீயர்கள், 760 கிலோமீட்டர் கொங்கண் ரயில் பாதையை 1990-ல் ஆரம்பித்து 1998 ஜனவரியில் முடித்தார்கள். 90-க்கும் மேற்பட்ட சுரங்கங்கள், கணக்கில்லாத பாலங்கள், எல்லாம் புதிதாகப் போட்டது. அந்த வேலைக்குத் தலைமை தாங்கிய ஸ்ரீதரன்தான், 1964 டிசம்பர் புயலில் சிதைந்துபோன பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்தவர். அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயசு. கடலுக்கு நடுவே 46 நாள். ஆண்டிபட்டிக் கணவாய்க்கு 12 வருஷம். ஆக, நமக்கு வேலை தெரியாது என்று சொல்ல முடியாது. போடி லேட்டானால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கணக்கு எழுதும் கலையில் மற்ற நாடுகள் எப்படி? கொஞ்சம் வெளியூர் போய்விட்டு வரலாம்.

ஜெர்மனி என்றாலே கடிகாரம் மாதிரி ரயில் ஓடும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தக் காலம் மலையேறிவிட்டது. அங்கே ஆறு நிமிஷத்துக்குள் வந்தால் 'நேரத்துக்கு வந்தது' என்று எழுதுகிறார்கள். அப்படிச் சலுகை கொடுத்தும், 2024-ல் நீண்ட தூர ரயில்களில் 62.5 சதவிகிதம்தான் தேறின. இதில் ஒரு தமாஷ். ரத்து செய்த ரயிலை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. போடிக் கணக்கேதான். வராத ரயில் லேட் ஆகாது! ஜெர்மனியில் இருந்து தாமதமாக வருகிற சில ரயில்களை, பக்கத்து நாடான சுவிட்சர்லாந்து எல்லையிலேயே பாசல் நகரத்தில் நிறுத்திவிடுகிறது. 'உன் லேட்டை எங்கள் ஊருக்குள் கொண்டுவராதே' என்று அர்த்தம்.

ஜப்பான் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2017 நவம்பரில், டோக்கியோ பக்கம் ஓடும் ஒரு ரயில் 20 விநாடி சீக்கிரம் கிளம்பிவிட்டது என்று கம்பெனி மன்னிப்புக் கேட்டது. லேட்டுக்கு இல்லை சார், சீக்கிரம் கிளம்பியதற்கு! ரயில் தாமதமானால் ஆபீஸில் காட்டுவதற்கு ஸ்டேஷனில் ஒரு சர்ட்டிஃபிகேட்கூடத் தருகிறார்கள்.

ஆனால், ஜப்பானைப் பார் என்று கண்ணை மூடிக்கொண்டு கைதட்டவும் நான் தயாராக இல்லை. 2005 ஏப்ரல் 25. ஆமகசாகி என்ற இடத்தில், ஒன்றரை நிமிஷம்கூட இல்லாத தாமதத்தை ஈடுகட்ட, ஓர் இளம் டிரைவர் வளைவில் வேகமாகப் போனார். ரயில் தடம் புரண்டு அடுக்குமாடிக் கட்டடத்தில் மோதியது. டிரைவரோடு சேர்த்து 107 பேர் செத்தார்கள். தாமதம் செய்கிற டிரைவர்களை 'மறுபயிற்சி' என்ற பெயரில் அவமானப்படுத்தும் வழக்கம் அந்தக் கம்பெனியில் இருந்தது பிறகு வெளியே வந்தது. ஆகவே இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, லோகோ பைலட்டையும் ஸ்டேஷன் மாஸ்டரையும் திட்டக் கிளம்பிவிடாதீர்கள். பயமுறுத்தி ஓட்டுகிற ரயில் நமக்கு வேண்டாம். அட்டவணை போடுகிறவர்களையும், பணம் ஒதுக்குகிறவர்களையும், கணக்கு எழுதுகிறவர்களையும்தான் நான் கேட்கிறேன்.

நாம் பாடம் படிக்க வேண்டியது சுவிட்சர்லாந்திடம். அதுவும் போடி மாதிரி மலைநாடு. அங்கே மூன்று நிமிஷத்துக்குள் வந்தால்தான் நேரத்துக்கு வந்ததாக அர்த்தம். அப்படியும் 90 சதவிகிதத்துக்கு மேல் தேறுகிறது. பெரிய வேகமெல்லாம் இல்லை. 1982-ல் நாடு முழுக்க மணிக்கு ஒரு ரயில் என்று நிர்ணயித்தார்கள். 1987-ல் மக்களிடம் ஓட்டுக் கேட்டே அடுத்த கட்டத் திட்டத்தைத் தொடங்கினார்கள். பெரிய ஜங்ஷனுக்கு எல்லாத் திசையில் இருந்தும் ரயில்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வரும். மாறி ஏறிக்கொள்ளலாம். ரயில் வந்து நிற்கும் நேரத்துக்கு வெளியே மலைக்கிராம பஸ் காத்துக்கொண்டிருக்கும். பயணி வீடு போய்ச் சேருகிற வரை யோசித்து அட்டவணை போட்டிருக்கிறார்கள். ரயில் பிளாட்பாரத்துக்கு வந்ததோடு கடமை முடிந்தது என்று நினைக்கவில்லை.

இப்போது நம் வீட்டுக் கணக்கு.

நம் ரயில்வே, ஒரு ரயில் நேரத்துக்கு வந்ததா என்பதைக் கடைசி ஸ்டேஷனில்தான் பார்க்கிறது. அங்கேயும் 15 நிமிஷம் சலுகை. 2022-ல் வெளியான தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையே இதைக் குறையாகச் சொன்னது. அந்த அறிக்கையின்படி, மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்கள் நேரத்துக்கு வந்தது 2012-13-ல் 79 சதவிகிதம். 2018-19-ல் 69 சதவிகிதம். இவ்வளவு சலுகைக்கு அப்புறமும்!

கடைசி ஸ்டேஷன் கணக்கில் என்ன சூட்சுமம்? சென்னையில் இருந்து போடிக்குக் கிளம்பிய ரயில் திண்டுக்கல்லுக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இறங்குகிற முந்நூறு பேருக்கு அது லேட். ஆனால் அட்டவணையில் கடைசிப் பகுதிக்குத் தாராளமாக நேரம் கொடுத்திருந்தால், ரயில் அதை ஈடுகட்டிப் போடிக்குச் சரியாக வந்துவிடும். ஃபைலில் 'ரைட் டைம்'. திண்டுக்கல் முந்நூறு பேரும் அந்த ரயிலில் வரவே இல்லை!

நம்பிக்கை இல்லையா? நீங்களே சோதித்துப் பாருங்கள். ஏதாவது ஓர் எக்ஸ்பிரஸ் ரயிலின் அட்டவணையை எடுங்கள். கடைசிக்கு முந்தைய ஸ்டேஷனில் இருந்து கடைசி ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிஷம் என்று பாருங்கள். அதே ரயில் திரும்பும்போது அதே தூரத்துக்கு எத்தனை நிமிஷம் என்றும் பாருங்கள். பல ரயில்களில் போகும்போது ஆகிற நேரத்துக்கும் வரும்போது ஆகிற நேரத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் இருக்கும். தண்டவாளம் ஒரு பக்கம் இழுத்து நீட்டியா போட்டிருக்கிறது?

அடுத்தது, லேட்டானால் யார் காசு கொடுப்பது? ஐரோப்பிய யூனியனில் ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் கால்வாசியும், இரண்டு மணி நேரமானால் பாதியும் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறது. நம் ஊரில்? மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, 'நான் பயணமே போகவில்லை' என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் பணம் திரும்ப வரும். வேறு வழியில்லாமல் அதிலேயே காத்திருந்து போனால் ஒரு பைசா கிடையாது. 2019-ல் தேஜஸ் ரயிலுக்கு மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் 100 ரூபாய், இரண்டு மணி நேரத்துக்கு மேல் 250 ரூபாய் என்று அறிவித்தார்கள். 2024-ல் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

அதே சமயம், நீங்கள் டிக்கெட் இல்லாமல் ஏறினால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். உறுதியான தத்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் ஒன்றும் திரும்ப வராது. உங்கள் தப்புக்கு ரேட் கார்டு இருக்கிறது. அவர்கள் தப்புக்கு 'வருந்துகிறோம்' என்று ஒலிபெருக்கியில் ஒரு குரல் இருக்கிறது.

2016-ல் அஜ்மீர் - ஜம்மு எக்ஸ்பிரஸ் நாலு மணி நேரம் லேட். ஒரு பயணி குடும்பத்தோடு ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்டார். டாக்ஸி பிடித்துப் போனார். நுகர்வோர் மன்றத்துக்கும் போனார். டாக்ஸிக்கு 15,000 ரூபாயும் மற்ற இழப்பீடுகளும் கொடுக்கச் சொன்னது மன்றம். ரயில்வே அந்தத் தொகையைக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கவில்லை. சுப்ரீம் கோர்ட் வரை போனது! 2021 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட், தாமதத்துக்கு நியாயமான காரணத்தை நிரூபிக்காவிட்டால் ரயில்வே இழப்பீடு கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லி அனுப்பியது. நல்ல தீர்ப்பு. ஆனால் ஆளாளுக்கு டெல்லி வரை போய்க்கொண்டிருக்க முடியுமா?

நேரத்தின் மதிப்பு என்னவென்று போடி ஜனங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. விடியுமுன்னே போடி, தேவாரம், கோம்பை பக்கமிருந்து ஜீப்புகள் கூலி ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏலத்தோட்டங்களுக்குக் கிளம்பிவிடுகின்றன. பெரும்பாலும் பெண்கள். சோற்றுத் தூக்கும் கையுமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் ஜீப் போயிருக்கும், அன்றைய கூலியும் போயிருக்கும். எடுத்த ஏலக்காயைச் சட்டுப்புட்டென்று ஸ்டோருக்குக் கொண்டுபோய் உலர்த்த வேண்டும். தாமதித்தால் பச்சை நிறம் மங்கும், ஏலத்தில் விலை இறங்கும். அந்த மலையில் யார் லேட்டானாலும் அன்றைக்கே தண்டம் கட்டியாக வேண்டும். பத்து நிமிஷத்துக்கு ஒரு நாள் கூலியை இழக்கிற பெண்ணுடைய ஊருக்குப் பன்னிரண்டு வருஷம் லேட்டாக வந்த ரயில், யாருடைய சம்பளத்தில் எத்தனை ரூபாயைக் குறைத்தது?

சரி, வந்ததே, சந்தோஷப்பட வேண்டாமா என்கிறீர்களா? பட்டோம். மாலை போட்டோம், இன்ஜினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தோம், செல்ஃபி எடுத்தோம். அப்புறம்தான் அட்டவணையைப் பார்த்தோம்.

2023-ல் கொடுத்த அட்டவணை இதுதான். தினமும் ஒரே ஒரு பாசஞ்சர். காலையில் எட்டு மணிக்கு மேல் மதுரையில் கிளம்பிப் பத்து மணிக்கு மேல் போடிக்கு வரும். சாயங்காலம் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் போடியில் கிளம்பி ராத்திரி மதுரை போகும். இது தவிர சென்னை சென்ட்ரலில் இருந்து சேலம், கரூர் சுற்றி வாரம் மூன்று நாள் ஒரு எக்ஸ்பிரஸ். அது காலையில் வரும், ராத்திரி திரும்பும்.

யோசித்துப் பாருங்கள். போடிக்காரன் மதுரைக்கு எதற்குப் போவான்? பெரியாஸ்பத்திரிக்கு, கண்ணாஸ்பத்திரிக்கு, காலேஜுக்கு, ஐகோர்ட் கிளைக்கு. எல்லாம் பகல் வேலை. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்ப வேண்டும். ரயிலோ நேர் எதிர்த் திசையில் ஓடுகிறது! மதுரை கோர்ட்டில் கேஸ் கூப்பிடுகிற நேரத்தில் இவனுடைய ரயில் போடி பிளாட்பாரத்தில் வந்து நிற்கிறது. ஓ.பி. சீட்டு வாங்க வேண்டிய பாட்டி சாயங்கால ரயிலில் போனால், ராத்திரி முழுக்க மதுரையில் எங்கே படுப்பாள்? ஆகவே போடிக்காரன் பழையபடி பஸ் ஸ்டாண்டுக்கே போகிறான்.

அந்த பாசஞ்சர் தினமும் விநாடி பிசகாமல் ஓடட்டும். ரயில்வே ஃபைலில் நூற்றுக்கு நூறு விழும். ஆனால் மதுரையில் காலை வேலை இருக்கிற போடிக்காரனுக்கு அது தினமும் பன்னிரண்டு மணி நேரம் லேட்!

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. உதவாத நேரத்தில் ரயில் விட்டால் கூட்டம் வராது. கூட்டம் வராவிட்டால், 'இந்தப் பாதையில் வருமானம் இல்லை, இன்னொரு ரயில் எதற்கு?' என்று நாளைக்கு எழுதுவார்கள். கடையை நடுராத்திரியில் திறந்துவைத்துவிட்டு, வியாபாரம் இல்லை என்று நஷ்டக் கணக்கு எழுதுகிற மாதிரி.

வழக்கமான பதில்கள் எனக்குத் தெரியும். ஒற்றைத் தண்டவாளம், சரக்கு ரயில் நெருக்கடி, ஜனத்தொகை, ஜப்பானில் அதிவேக ரயிலுக்குத் தனிப் பாதை... டெல்லி, ஹவுரா பாதைகளில் இதெல்லாம் நியாயமான பதில். அங்கே தண்டவாளத்துக்கு மூச்சுவிட நேரமில்லை. ஆனால், நாளொன்றுக்கு இரண்டு மூன்று ரயில்களுக்காகப் போட்ட பாதையில் என்னய்யா நெருக்கடி? மயில் நடந்து போகிற இடத்தில் டிராஃபிக் ஜாம் என்று சொன்னால் நம்புவதற்கு நாங்கள் என்ன வெளியூரா? மதுரை - தேனி பகுதிக்கு மட்டும் 500 கோடி ரூபாய்க்கு மேல் செலவு செய்திருக்கிறார்கள். அவ்வளவு முதல் போட்டுவிட்டு, நாள் பூராவும் கடையைப் பூட்டி வைத்திருக்கிற முதலாளி வேறு எங்காவது உண்டா?

நான் புல்லட் ரயில் கேட்கவில்லை. கேட்பதெல்லாம் கணக்கைச் சரியாக எழுதச் சொல்லித்தான்.

ஒன்று. ரயில் நிற்கும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நேரத்தைக் கணக்கில் எடுங்கள். கடைசி ஸ்டேஷன்காரன் மட்டும் பயணி இல்லை.

இரண்டு. ரத்தான ரயிலையும் லேட் என்றே எழுதுங்கள்.

மூன்று. தாமதத்துக்கு ரேட் கார்டு போடுங்கள். டிக்கெட் வாங்கும்போது என் வங்கிக் கணக்கு தெரிகிறது அல்லவா? பணம் தானாகத் திரும்பி வரட்டும்.

நான்கு. எந்தப் பாதையை மூடினாலும், திறக்கும் தேதியை ஸ்டேஷன் வாசலில் பெரிதாக எழுதி வையுங்கள். தேதி தள்ளிப்போனால், ஏன் என்றும் யாரால் என்றும் அதற்குக் கீழேயே எழுதுங்கள்.

ஐந்து. விடியற்காலையில் போடியில் இருந்து மதுரைக்கு ஒரு ரயில், சாயங்காலம் திரும்பி வர ஒரு ரயில். ரயில் வரும் நேரத்துக்கு ஸ்டேஷன் வாசலில் போடிமெட்டுக்கும் குரங்கணிக்கும் பஸ். இதற்குப் புதிதாக ஒரு அடி தண்டவாளம்கூடப் போட வேண்டாம். ஒரு பேப்பரும் ஒரு பேனாவும் போதும்.

இதில் உங்களுக்கும் வேலை இருக்கிறது. ரயில் லேட்டானால் கைக்கடிகாரத்தைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு, டீ குடிக்கப் போய்விடாதீர்கள். டிக்கெட்டின் பின்பக்கத்தில் அட்டவணை நேரத்தையும் வந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். புகார் கொடுங்கள். உங்கள் எம்.பி.யிடம் ரயில் கேட்கும்போது நேரத்தையும் சேர்த்துக் கேளுங்கள். கொடியசைக்கும் விழாவுக்கு நேரம் தவறாமல் வந்தவர்கள்தானே, அட்டவணை போடும் கூட்டத்துக்கும் ஒரு தடவை வரட்டும்.

அடுத்த முறை ஒலிபெருக்கியில் அந்தக் குரல் வரும். 'தாமதத்துக்கு வருந்துகிறோம்.' அப்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்.

எவ்வளவு வருந்துகிறீர்கள்? ரூபாயில் சொல்லுங்கள்.